கடைசி வண்டியின் வேகம்

காரவள்ளியில் தேநீர் குடித்துவிட்டு ஒன்பது வண்டிகளாகக் கிளம்பினோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அதுதான் அடிவாரம். எங்களில் நான்கு பேர் மலைச்சாலையில் பழகியவர்கள். நான்கு பேர் சேலத்துக்குள் வேலைக்குப் போய்வர மட்டும் வண்டி எடுப்பவர்கள். மிச்சம் ஒரு தம்பி. வண்டி வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மலை ஏறுவது அதுவே முதல் முறை. “நீங்க முன்னால போங்கண்ணா, நான் மெதுவா வந்தர்றேன்” என்று அவராகவே கடைசிக்குப் போய்விட்டார். முதல் வண்டி என்னுடையது. நானும் சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

சோளக்காட்டில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோது எட்டு வண்டிகள்தான் நின்றன. படம் எடுக்க எங்காவது நின்றிருப்பார் என்றார் ஒருவர். கைப்பேசியில் சிக்னல் இல்லை. கால்மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கினோம். ஐம்பதைத் தாண்டிய ஒரு வலப்பக்க வளைவில், சாலையோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது காறை எலும்பு முறிந்திருந்தது. மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு வேன்காரர் வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே இருந்திருக்கிறார். “உங்களப் பிடிச்சரலாம்னு வந்தேங்ணா. வளைவு திடீர்னு வந்துருச்சு” என்றார் தம்பி.

வளைவு அங்கேயேதான் இருந்தது. ‘பிடிச்சரலாம்’ என்ற அந்த நினைப்பைத்தான் நாங்கள் எட்டு பேரும் சேர்ந்து அவர் தலையில் ஏற்றியிருந்தோம். அனுபவமும் வேகமும் வேறுவேறாக உள்ளவர்கள் சேர்ந்து போகும்போது ஆபத்தை உண்டாக்குகிறவர் முன்னால் இருப்பார், அடிபடுகிறவர் பின்னால் இருப்பார். இதை ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துகொள்ளலாம்.

ஒன்பது வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு விநாடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே 16 விநாடிகள். கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது அந்த 16 விநாடி என்பது சுமார் 65 மீட்டர். வளைவு முடிந்ததும் முதல் வண்டி 40க்குப் போகிறது. அடுத்தடுத்த வண்டிகளும் அப்படியே. கடைசி வண்டி வளைவைவிட்டு வெளியே வரும்போது முதல் வண்டி ஏறக்குறைய 180 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். யாரும் தப்பு செய்யவில்லை, யாரும் பின்தங்கவும் இல்லை. நேர இடைவெளி அதே 16 விநாடிதான். தூரம் மட்டும் ரப்பர்போல இழுபட்டிருக்கிறது. அடுத்த வளைவில் முதல் வண்டி வேகத்தைக் குறைத்ததும் அது தானாகவே சுருங்கிவிடும்.

ஆனால், கடைசியில் வருகிற புதியவரின் கண்ணுக்குத் தெரிவது தூரம் மட்டும்தான். எல்லோரும் போய்விட்டார்கள், நான் மட்டும் நிற்கிறேன் என்று தோன்றும். ஆக்சிலரேட்டரை முறுக்குவார். 40இல் போகிறவர்களிடமிருந்து விரிந்த அந்த 110 மீட்டரை 55இல் துரத்தி எட்டிப்பிடிக்க 400 மீட்டர் நேர்ச்சாலை வேண்டும். கொல்லிமலையில் அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். 40இல் நிறுத்தத் தேவைப்படும் பிரேக் தூரம், 55இல் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. ஆக, கூட்டத்திலேயே அனுபவம் குறைந்தவர் கூட்டத்திலேயே அதிக வேகத்தில் வளைவுக்குள் நுழைகிறார். எங்கள் தம்பிக்கு நடந்தது அதுதான். “மெதுவா வா” என்று நூறு முறை சொல்லி அனுப்பியிருந்தாலும் அது நடந்திருக்கும். ஏனென்றால் அவரை அங்கே நிறுத்திய வரிசை அப்படி.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது வரிசையை. அனுபவம் குறைந்தவர் இரண்டாவதாக, வழிநடத்துபவருக்கு நேர் பின்னால் வர வேண்டும். அந்த இடத்தில் தூரம் விரிவது மிகவும் குறைவு. முன்னால் போகிறவர் எந்தக் கோட்டில் வளைவுக்குள் நுழைகிறார், எங்கே பிரேக்கை விடுகிறார் என்பதைப் பார்த்தே கற்றுக்கொள்ளவும் முடியும். வழிநடத்துபவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தன் வேகத்தை அமைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் மிகத் திறமையானவரும் நிதானமானவரும் கடைசி வண்டியில் இருக்க வேண்டும். பயணக் குழுக்கள் அவரை ‘ஸ்வீப்’ என்கின்றன. முதலுதவிப் பெட்டி, பஞ்சர் சாமான், ஸ்பேனர் எல்லாம் அவரிடம். யார் நின்றாலும் அவர் நிற்பார். அவரைத் தாண்டி யாரும் பின்னால் இல்லை. வழி தெரிந்த, வேகமான ஆள் முன்னால் போவது என்பதுதான் நம் ஊர் வழக்கம். வழி தெரிந்திருந்தால் போதும், வேகம் அங்கே தேவையில்லை. ஒன்பது பேரை ஒரே வரிசையாக இழுத்துக்கொண்டு போவதைவிட ஐந்து, நான்கு என்று பிரித்துக்கொள்வதும் நல்லது. அந்த ரப்பரின் நீளம் பாதியாகிவிடும்.

இரண்டாவது ஏற்பாடு, கண்ணாடி. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிற ஒரே ஒரு வண்டிக்குப் பொறுப்பு. அதன் விளக்கு கண்ணாடியில் தெரியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். நான் நின்றால் எனக்கு முன்னால் போகிறவரின் கண்ணாடியில் என் விளக்கு காணாமல்போகும்; அவரும் நிற்பார். இப்படியே கைமாறி, இரண்டொரு நிமிடத்தில் முதல் வண்டிக்குச் செய்தி போய்விடும். இன்டர்காம் வேண்டாம், கைப்பேசி சிக்னல் வேண்டாம். அன்றைக்கு இதைச் செய்திருந்தால் எங்கள் தம்பி முகம் தெரியாத ஒருவரின் கருணையை நம்பி அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார். பாதை பிரியும் இடங்களில் இரண்டாவது வண்டி ஓரமாக நின்று திசை காட்டி, ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்ளும் முறையும் பல நாடுகளில் உண்டு. யாரும் யாரையும் துரத்தத் தேவையில்லாத ஏற்பாடு அது. புதியவர் இருக்கும் கூட்டத்தில் அந்த நிற்கிற வேலையை மூன்றாமவர் ஏற்றுக்கொள்ளலாம்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலைபோல அகலமான சாலையில் ஒரே தடத்துக்குள் இடம் வலமாக மாறி மாறிப் போகலாம். பக்கவாட்டு வரிசையில் போகிறவருக்கு ஒரு விநாடி, நேர் முன்னால் போகிறவருக்கு இரண்டு விநாடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி என்றால் 33 மீட்டர். ஜோடி போட்டுப் பேசிக்கொண்டு போவது கூடாது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் குழியைக் கண்டு விலக இடமில்லை. மலைச்சாலையிலும் குறுகிய சாலையிலும் இந்த இட-வல அமைப்பையும் விட்டுவிட்டு ஒற்றை வரிசைக்கு வந்துவிட வேண்டும்.

லாரியை முந்துவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். முன்னால் போகிறவர் ஏறிவிட்டார், ஆகவே நானும் ஏறலாம் என்று புதியவர் நினைப்பார். அவருக்குச் சாலை காலியாக இருந்தது. மூன்று விநாடி கழித்து எனக்கு அது காலியாக இருக்கும் என்று என்ன நிச்சயம்? ஒவ்வொருவரும் தானே பார்த்து, தனியாக முந்த வேண்டும். “வா, வா” என்று கையை ஆட்டி அழைப்பது பெரிய பாவம். முந்தி முடித்தவர் லாரிக்கு முன்னால் உடனே வேகத்தைக் குறைத்துவிடவும் கூடாது. பின்னால் வருகிறவர் வந்து நுழைவதற்கு இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும். பல வருடம் ஓட்டியவர்களே இதை மறந்துபோகிறார்கள். அப்போது எதிரே பேருந்து வர, நுழைய இடமின்றி லாரியின் பக்கவாட்டில் மாட்டிக்கொள்கிறவர் எப்போதும் மூன்றாவது, நான்காவது ஆள்தான்.

மலை ஏறும்போது புதியவர்கள் அதிகம் விழுவது இடப்பக்கக் கொண்டை ஊசியில். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் அந்த வளைவின் உள்விளிம்பு நமக்கு வருகிறது. அங்கேதான் ஏற்றம் மிகச் செங்குத்து. மூன்றாவது கியரில் நுழைவார்கள், பாதியில் என்ஜின் திணறி அணைந்துவிடும், வண்டி இடது பக்கம் சாயும், காலை ஊன்றினால் தரை எதிர்பார்த்ததைவிட ஒரு சாண் கீழே இருக்கும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்து, ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்து, தலையை நன்றாகத் திருப்பி வளைவு முடியும் இடத்தைப் பார்த்தால் வண்டி அங்கே போகும். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். சுவரைப் பார்த்துப் பயந்தால் சுவருக்கே போகும். வலப்பக்க வளைவில் விரிவான இடம் கிடைப்பதால் வேகம் தானாக ஏறிவிடுகிறது. வெளிவிளிம்பில் மணல் ஒதுங்கிக் கிடக்கும். எதிரே இறங்கும் பேருந்து வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். வேறு வழி அதற்கில்லை. குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் உரிமை என்று விதி சொன்னாலும், பேருந்தின் ஹாரன் கேட்டால் நாம் நின்றுவிடுவதே சரி.

இறக்கம் இன்னும் கடினம். ஏறும்போது தப்பு செய்தால் வண்டி நிற்கும்; இறங்கும்போது தப்பு செய்தால் வண்டி ஓடும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் சாவியை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களை நான் எல்லா மலையிலும் பார்க்கிறேன். என்ஜின் பிடித்து நிறுத்த வேண்டிய வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். அது சூடாகிச் சூடாகி, வளைவுகள் இன்னும் பாதி மிச்சம் இருக்கும்போதே பிடிக்காமல் போகும்.

நம் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடைமுறையில் இதில் எதையும் கேட்பதில்லை. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டால் உரிமம் கிடைத்துவிடும். கியர் உள்ள வண்டிக்கான அந்த ஒரே உரிமத்தை வைத்துக்கொண்டு 100 சிசியும் ஓட்டலாம், 1,000 சிசியும் ஓட்டலாம். ஐரோப்பிய நாடுகளில் 125 சிசி வரை ஒன்று, நடுத்தர வண்டிக்கு ஒன்று, பெரிய வண்டிக்கு ஒன்று என மூன்று படிகள் உண்டு. இங்கே அந்தப் படிகள் இல்லாததால், சாலையில் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். ஒரு பயணக் குழுவே பலருக்கு முதல் பள்ளிக்கூடமாகிவிடுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. உரிமத்தில் படிநிலை வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறைந்தபட்சம், அவசர பிரேக்கையும் ஏற்றத்தில் நின்று கிளம்புவதையும் தேர்வில் உண்மையாகவே சோதிக்க வேண்டும். அதுவரை பழகியவர்களே பழகாதவர்களுக்குப் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் மிகச் சாதாரணமான ஒன்று, ஓய்வு. வேகமானவர்கள் தேநீர்க் கடைக்கு முதலில் வந்து, குடித்து, கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். மெதுவாக வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றும்போது “சரி, கிளம்பலாமா?” என்று எழுந்துவிடுவார்கள். அவரும் கூச்சத்தில் ஒன்றும் சொல்ல மாட்டார். நாள் முழுக்க இப்படியே நடந்தால் மிகவும் களைத்துப்போனவரும் மிகவும் அனுபவம் குறைந்தவரும் ஒரே ஆளாக இருப்பார். கடைசியாக வந்தவர் இறங்கிய பிறகுதான் ஓய்வு நேரமே தொடங்குகிறது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் நிறுத்தமும் அப்படியே: இருப்பதிலேயே சின்ன டேங்க் உள்ள வண்டியை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்ல அவருக்குத் தைரியம் வருமாறு, கிளம்பும்போதே பெரியவர் ஒருவர், “நான் இன்னைக்கு நிதானமாத்தான் வருவேன்” என்று சொல்லிவைப்பது நல்லது.

ஒரு வருடம் கழித்து அதே காரவள்ளியிலிருந்து மீண்டும் ஏறினோம். இந்த முறை ஐந்து, நான்கு என்று இரண்டு குழு. தம்பி எனக்கு நேர் பின்னால். காறை எலும்பு கூடியிருந்தது. இடப்பக்க வளைவுகளில் மட்டும் தோள் கொஞ்சம் இறுகுவது கண்ணாடியில் தெரிந்தது. நான் 30ஐத் தாண்டவில்லை. முப்பதாவது வளைவுக்கு மேல் ஒரு திருப்பத்தில் அவருடைய விளக்கைக் காணவில்லை. அகலமான ஒரு ஓரத்தில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் காது கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் கீழிருந்து குரல் வந்தது: “செயின் கழண்டுருச்சுங்ணா, நாலாவது வண்டி!” இறங்கிப் போய்ப் பார்த்தபோது தம்பி வளைவுக்குக் கீழே நின்று, ஏறி வரும் வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். ஸ்வீப்காரர் அதற்குள் ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.