நகநோயும் நமது அவசரமும்

பத்திரிகாசிரியர் அவர்கட்கு,

ஐயா,

ஐப்பசி மழையிற் காலி வீதியில் தேங்கிய நீரை மிதித்து, நனைந்த சப்பாத்தோடு நாள் முழுவதும் காரியாலயத்தில் இருந்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பும் நம்மவர் பலருக்குக் கால்நகம் மஞ்சளித்துத் தடித்து, ஓரத்தில் மாவாக உதிர்வதைக் கண்டிருக்கிறேன். என் கணவருக்கும் பெருவிரலில் அதுவே நேர்ந்தது. வேப்பெண்ணெயும் மஞ்சளும், பின்னர் மருந்துக்கடையில் வாங்கிய பூச்சு மருந்துமாக இரண்டு மாதம் தடவிப் பார்த்துப் பலனில்லையென்று கைவிட்டோம். மேற்பூச்சு கடினமான நகத்தை ஊடுருவி, அடியிலிருந்து இந்நோயை விளைவிக்கும் பங்கசை அடைவது அரிது என்பதையும், கால்நகம் மாதமொன்றுக்கு 1 முதல் 1.5 மில்லிமீற்றர் வரையே வளர்வதாற் பெருவிரலிற் புதுநகம் பூரணமாக வருவதற்கு 12 முதல் 18 மாதங்கள் செல்லும் என்பதையும் அக்காலத்தில் எமக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. சோரியாசிஸ் என்னும் சரும வியாதியும் ஏறக்குறைய இதே ரூபத்தில் தோன்றுமாதலால், நகத்துகளைப் பரிசோதித்து நிச்சயித்த பின்னரே சிகிச்சை தொடங்குவது உசிதம். நீரிழிவுள்ளோர் வீட்டு வைத்தியத்தில் ஒரு வாரங்கூடக் கழிக்கலாகாது.

போஷாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகம் கரண்டிபோற் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவு காரணமாகலாம். அதற்கு முருங்கையிலை வறையில் தேசிப்புளி விட்டுண்பதும், சோறுண்ட கையோடு தேநீர் அருந்தாதிருப்பதும் நிச்சயம் உபகாரமாகும். ஆனால் எந்தக் கீரையும் பங்கசைக் கொல்லாது. தங்கள் வைத்தியப் பகுதியில் பங்கசு நோயையும் இரும்புச்சத்துக் குறைவையும் வேறுபிரித்து விரிவாக எழுதுவிக்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை.