ஜாதகம் இருக்கிறது, சீட்டு எங்கே?

நம் ஊர்களில் எந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தாலும், தகரப் பெட்டிக்கு அடியில் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவிய ஜாதகம் ஒன்று பத்திரமாக இருக்கும். பிள்ளை பிறந்த நாழிகை, நட்சத்திரம், ராசி, திசை இருப்பு எல்லாம் அதில் தப்பாமல் எழுதியிருக்கும். ஆனால், அதே பிள்ளைக்கு எந்த வருஷத்தில் கால் விளங்காமல் போயிற்று, எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள், டாக்டர் என்ன எழுதிக் கொடுத்தார் என்று கேட்டால், "அந்தச் சீட்டெல்லாம் எங்கே போச்சோ" என்பார்கள். நடக்காத கிரக பலனுக்கு எழுத்து இருக்கிறது. நடந்துபோன கஷ்டத்துக்கு எழுத்து இல்லை. இதனால் நம் ஜனங்கள் கைக்கு வரவேண்டிய உதவியை இழந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் நமக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவரை, மாற்றுத் திறனாளிச் சான்றுக்காக மருத்துவக் குழுவின் முன் அழைத்துப் போனோம். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பும் வலது காலும் கெட்டுப்போனவர். வீட்டில் அவர் மனைவி தூக்கிவிடாமல் எழுந்திருக்க முடியாது. டாக்டர், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நம்மவர் கையைக் கூப்பிக்கொண்டு, "உங்க புண்ணியத்திலே நல்லா இருக்கேனுங்க" என்றார். நடக்கச் சொன்னார்கள். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற ரோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பத்தடி நடந்து காட்டிவிட்டார். கையில் ஒரு பழைய சீட்டும் இல்லை. சான்றில் விழுந்த எண் 40-க்குக் குறைவு. பஸ் ஏறும்போது அவரை நாங்கள் இரண்டு பேர் தூக்கி ஏற்றினோம். அதைப் பார்க்க டாக்டர் அங்கே இல்லை.

இதில் டாக்டரை மாத்திரம் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. வாசலில் நூறு பேர் நிற்கும்போது ஒருவரைப் பார்க்க அவருக்குக் கிடைப்பது சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்தில் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் கொண்டுதான் அவர் கணக்குப் போடுவார். கூடப்போன நமக்கும் அன்று புத்தி வரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 சதவிகிதமும் அதற்கு மேலும் என்று சான்று பெற்றவர்களுக்குத்தான் கல்வியிலும் உத்தியோகத்திலும் இட ஒதுக்கீடு முதலானவை உண்டு. மத்திய சர்க்காரின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கோ வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதோடு 80 சதவிகிதமும் வேண்டும். ஆகவே 39-க்கும் 40-க்கும் நடுவில் இருப்பது ஒரு எண் மாத்திரமல்ல. ஒரு பிள்ளையின் படிப்பும் ஒரு குடும்பத்தின் அடுப்பும் அதற்குள் இருக்கின்றன.

நிற்க. நம் கொத்தனார் ஏன் "நல்லா இருக்கேன்" என்றார்? ஏன் நம்மவர்கள் ஊனத்தை மறைக்கிறார்கள்? இங்கேதான் நம் பழைய விரோதி வந்து நிற்கிறான். தங்கம் திருடினவனுக்கு நகம் சொத்தையாகும், விளக்குத் திருடினவன் குருடனாய்ப் பிறப்பான் என்று மனுதர்மத்தின் 11-ம் அத்தியாயம் பட்டியல் போட்டிருக்கிறது. 9-ம் அத்தியாயமோ, குருடர், செவிடர், ஊமை, பைத்தியம் ஆகியோருக்குத் தகப்பன் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் மாத்திரம் கொடுத்தால் போதும் என்கிறது. முதலில் பாவி என்று பெயர் வைப்பது, பிறகு பங்கைப் பிடுங்கிக்கொள்வது! இந்த அநியாயத்தைப் போக்க 1928-ல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அதிலும் பிறவியிலேயே புத்தி மாறாட்டம் உள்ளவர்களை விட்டுவிட்டார்கள். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்தின் 28-வது பிரிவு வந்த பிறகுதான், எந்த வியாதியும் எந்த ஊனமும் ஒருவன் பங்கைத் தடுக்காது என்று ஆயிற்று.

சட்டம் மாறியும் மூளை மாறவில்லை. முன்ஜென்ம பாவம் என்று நம்புகிறவன் தன் ஊனத்தைப் பற்றி வாய்திறக்கக் கூசுகிறான். பாவத்துக்குக் கணக்கு எவன் எழுதி வைப்பான்? சர்க்கார் கொடுப்பதைப் பிச்சை என்று எண்ணுகிறவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வருகிறான். ஆனால், மேற்படி 2016-ம் வருஷத்துச் சட்டத்தின் 24-வது பிரிவு என்ன சொல்லுகிறது? மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே மாதிரியான உதவியைவிட மாற்றுத் திறனாளிக்குக் குறைந்தது 25 சதவிகிதமாவது அதிகம் இருக்கவேண்டும் என்கிறது. பிச்சைக்கு இப்படிச் சட்டம் போட்டு அளவு சொல்லுவார்களா? இது உரிமை. உரிமை கேட்கிறவனுக்கு ஆதாரம் வேண்டும்.

மனநோய் விஷயத்தில் இது இன்னும் மோசம். அந்த நோயால் வந்த ஊனத்தை அளப்பதற்கு, 2002-ல் இந்திய மனநல மருத்துவர் சங்கம் வகுத்த ஐடியாஸ் என்னும் அளவுகோல் இருக்கிறது. தன் உடம்பைப் பேணிக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நாலுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. அதோடு நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கும் தனியே மதிப்பெண் உண்டு. நம்மவர்களோ முதல் பத்து வருஷத்தைப் பேய் ஓட்டுகிறவனிடமும், கோவில் மண்டபத்திலும், தர்கா வாசலிலும் கழித்துவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அந்தப் பத்து வருஷத்துக்கு என்ன சீட்டு இருக்கும்? விபூதிப் பொட்டலமும் தாயத்தும்தான் இருக்கும். 2001 ஆகஸ்ட் 6-ந்தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். அதற்குப் பிறகும் நாம் திருந்தாவிட்டால் வேறு எப்போது திருந்துவது?

இனிச் செய்யவேண்டியதைச் சொல்லுகிறோம். ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஊனம் வந்த தேதி, வந்த விதம், காட்டிய ஆஸ்பத்திரிகள், ஆப்பரேஷன், சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் வருஷ வரிசையில் எழுதுங்கள். பிறகு தினமும் நாலு வரி: இன்று எதைச் செய்ய முடியவில்லை, எவ்வளவு நேரம் பிடித்தது, யார் உதவினார்கள், எத்தனை தரம் விழுந்தார், வலிப்பு நோயானால் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, ரத்தம் ஏற்றுகிறவரானால் எந்தத் தேதியில் எத்தனை பாட்டில். "ரொம்பக் கஷ்டம்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "கக்கூஸிலிருந்து எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும்" என்று எழுதினால் டாக்டருக்கு விளங்கும். கால் ஊனத்தை அளக்கும்போது சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, குந்துவது, சம்மணமிடுவது முதலியவற்றையும் பார்க்கிறார்கள். ஆகவே அவற்றைப் பற்றித் தனித்தனியே எழுதுங்கள்.

எக்ஸ்ரே, சீட்டு, டிஸ்சார்ஜ் காகிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் கொடுங்கள். குழுவுக்குப் போகும்போது தினமும் கூட இருந்து பார்க்கிறவரை அழைத்துப்போங்கள். ஊன்றுகோல் பிடிக்கிறவர் ஊன்றுகோலோடு போங்கள். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுங்கள். ரோஷத்துக்காகக் குறைக்கவும் வேண்டாம், பணத்துக்காகக் கூட்டவும் வேண்டாம். பொய்க் கணக்கு எழுதுகிறவனுக்கும் பொய் ஜாதகம் கணிக்கிறவனுக்கும் வித்தியாசமில்லை. சதவிகிதம் வாங்கித் தருகிறேன் என்று வாசலில் நிற்கும் தரகனுக்கும் தோஷம் கழிக்கிறேன் என்கிற புரோகிதனுக்கும் வித்தியாசமில்லை.

சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முடிவு தப்பென்று பட்டால், அந்தச் சட்டத்தின் 59-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் கண்ணீர் பேசாது, நோட்டுத்தான் பேசும்.

நம் கொத்தனார் இப்போது மேல்முறையீட்டுக்குத் தயாராகிறார். எட்டாவது படிக்கும் அவர் மகள், தினமும் ராத்திரி அப்பாவைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். முதல் நாள் "இதையெல்லாமா எழுதுவது?" என்று அவர் வெட்கப்பட்டாராம். இப்போது அவரே, "இன்றைக்குப் படியில் உட்கார்ந்துவிட்டேன், எழுதிக்கோ" என்கிறாராம். முடிவு என்ன ஆகும் என்று நாம் ஜோசியம் சொல்லப்போவதில்லை. ஆனால், தன் ஊனம் யாருடைய பாவத்தின் சம்பளமும் அல்ல, சாரம் சரியாகக் கட்டாததன் பலன் என்று அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது.

ஆகவே தோழர்களே! எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு வாலிபரும் தம் தெருவில் இப்படி ஒரு வீட்டுக்காவது போய், ஒரு நோட்டைத் துவக்கிக் கொடுத்துவிட்டு வரவேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். பெட்டியில் இடம் போதவில்லை என்றால் ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுங்கள்.