காட்டின் கதவைச் சாத்தும் சாவி யாரிடம்?

காட்டுக்குள் சுற்றுலாவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கால் வைத்தறியாத காட்டுக்காகக் குரல் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. தடை போட்டும் பார்த்தாயிற்று. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் 2012 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகளை வகுத்துத் தந்ததும் அக்டோபரில் தடை விலகியது. மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக் கூடாது என்பது அந்த நெறிமுறைகளில் ஒன்று. வட இந்தியக் காப்பகங்கள் பலவும் அந்த மாதங்களில் மழைக்காக எப்படியும் மூடித்தான் கிடக்கும் என்பது வேறு கதை.

ஆகவே, சுற்றுலா இருக்கத்தான் போகிறது. யார் நிலத்தில், யார் சொல்படி என்பதில்தான் சிக்கல். காப்புக்காடு பொதுச் சொத்து. அங்கே கடை விரிக்கிறவர், அரசு நிறுவனமே ஆனாலும், வாடகைக்கு வந்தவர்தான். ‘இன்றைக்குத் திறக்காதே’ என்று அவரிடம் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அப்படிச் சொன்னால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்ற இரண்டையும் கேட்டாலே பொறுப்புள்ள தொழில் எது என்று தெரிந்துவிடும். மூங்கில் குடிலும் துணிப்பையும் பச்சை நிறப் பலகையும் அதற்குப் பிறகு.

2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீ இரண்டு மலையேற்றக் குழுக்களைச் சூழ்ந்தது. ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்ற புல், செங்குத்தான சரிவு. சரிவில் மேல்நோக்கி ஓடும் தீயை மனிதக் கால் முந்த முடியாது. 23 உயிர்கள் போயின. டாப் ஸ்டேஷன் பாதைக்கு வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு கொழுக்குமலைப் பக்கம் போனது எப்படி, தீப்பிடிக்கும் மாதத்தில் சோதனைச்சாவடி ஏன் ஆட்களை உள்ளே விட்டது என்ற கேள்விகளெல்லாம் பிறகுதான் வந்தன. அன்றைக்கு மலையேற்றம் நடத்த ஒரு முகநூல் பக்கமும் ஒரு வேனும் போதும் என்றிருந்தது.

அந்த ஆண்டே மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். பழங்குடி இளைஞர்கள் பலருக்கு இதில் வேலை கிடைத்தது. குரங்கணியிலிருந்து சாம்பலாற்றுக்குப் போகும் பாதையும் பட்டியலில் உண்டு. 2025 பிப்ரவரி நடுவில், தீக்காலம் என்று சொல்லி இரண்டு மாதத்துக்கு மலையேற்றத்தை நிறுத்திவைத்தார்கள். என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்திலேயே மிகச் சிறந்த அம்சம் அந்த நிறுத்தம்தான். ஏழு ஆண்டுகளுக்கு முன் அதே மாதங்களில் அப்படி ஒரு உத்தரவு இல்லாமல் போனதை நினைத்துப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

ஆனால், மூடிய இரண்டு மாதமும் வழிகாட்டியின் அடுப்பு எப்படி எரியும்? தீத்தடுப்புக் கோடு வெட்டவும் புல் சீவவும் உச்சியில் உட்கார்ந்து புகை பார்க்கவும் வனத்துறைக்கு ஆள் தேவைப்படும் மாதங்களும் அவைதானே. மற்ற பத்து மாத டிக்கெட்டிலேயே இந்த இரண்டு மாதக் கூலியையும் சேர்த்துவிட்டால், பாதையை மூடுவதால் யாருக்கும் பட்டினி இல்லை. திறந்துவிடச் சொல்லி நெருக்குகிறவர்களும் குறைவார்கள். கட்டணம் அதிகம் என்று தொடக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எங்கே போகிறது என்று தெரியாத பணத்துக்குத்தான் அப்படி முணுமுணுப்பார்கள். ‘இதில் இவ்வளவு, தீக்காலக் கூலி’ என்று ரசீதில் அச்சடித்திருந்தால் சென்னைக்காரர் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார்.

எனக்குள்ள கவலை வேறு. டிக்கெட் விற்பதும் வனத்துறையின் கழகம், கதவைச் சாத்த வேண்டியதும் வனத்துறை. நல்ல அதிகாரி இருக்கும்வரை இது உறுத்தாது. வருவாய் இலக்கு என்ற ஒன்று கோப்பில் ஏறிவிட்டால், நிரம்பி வழியும் சனிக்கிழமை முன்பதிவைக் காற்றின் வேகம் பார்த்து ரத்து செய்யக் கை வராது.

அரசு நடத்தினால் பொறுப்பாகத்தான் நடக்கும் என்று நினைப்பவர்கள் தேக்கடியை நினைத்துக்கொள்ளட்டும். 2009 செப்டம்பர் 30 மாலை, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அந்த ஏரியில், கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். கரையில் விலங்கு தெரிந்ததும் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டிருக்கிறார்கள். விலங்கைக் காட்டுவதாகச் சொல்லித்தானே டிக்கெட் விற்றார்கள்? அது கண்ணில் பட்டால் கூட்டம் எழுந்து ஓடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்திருக்க வேண்டாமா? காடும் அரசுடையது, படகும் அரசுடையது. தகுதிச் சான்றைச் சோதித்துப் பார்க்க வேண்டிய கையும் அரசின் கைதான்.

அதே தேக்கடியில்தான் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. காட்டு லவங்கப்பட்டை இனமான வயணா மரத்தின் பட்டையை உரித்துக் கடத்திப் பிழைத்துவந்த இருபது பேருக்கும் மேற்பட்ட ஒரு கூட்டம், தொண்ணூறுகளின் இறுதியில் வனத்துறையோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. வழக்குகளிலிருந்து விடுதலை, பதிலுக்குக் கடத்தல் வழிகளைப் பற்றிய தகவல். பிறகு அவர்களே வழிகாட்டிகளாகி, பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் கூடாரமடித்துத் தங்கவைக்கும் ‘புலித்தடம்’ நடையை நடத்தத் தொடங்கினார்கள். நாலைந்து பயணிகளுக்கு ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் வழிகாட்டிகள், கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். வியாபாரக் கணக்கில் இது கட்டுப்படியாகாத விகிதம். வனத்துறைக் கணக்கில் பார்த்தால், இத்தனை ஜோடிக் கண்கள் காட்டுக்குள் நடப்பதே ஒரு ரோந்து. அந்த ரோந்துக்குக் கூலி கொடுப்பவர் டிக்கெட் வாங்கிய பயணி. குமுளியின் ‘வசந்த சேனை’ப் பெண்களோ கூலி எதுவும் வாங்காமலேயே முறைவைத்துக் காட்டைச் சுற்றிவந்தார்கள். பயணிகளிடம் வசூலாகும் தொகையில் ஒரு பங்கு கருவூலத்துக்குப் போய்க் கரையாமல், 2004இல் அமைந்த பெரியாறு அறக்கட்டளையின் வழியே அங்கேயே திரும்பிச் செலவானது. இதைப் பார்த்த பிறகுதான் எல்லாப் புலிகள் காப்பகங்களுக்கும் இத்தகைய அறக்கட்டளை வேண்டும் என்று 2006இல் சட்டத்திலேயே எழுதினார்கள்.

அரசு செய்தால் நல்லது, தனியார் செய்தால் கெட்டது என்று பிரித்துவிட முடியாததற்குத் தேக்கடியே சாட்சி. தனியாரின் தரப்பைப் பார்க்க மசினகுடிக்குப் போக வேண்டும். சீகூர் பீடபூமியின் விடுதிகள் பலவும் பட்டா நிலத்தில் நிற்பவை. ‘எங்கள் நிலம், எங்கள் உரிமை’ என்பது அவர்களின் வாதம். நிலம் அவர்களுடையதாக இருக்கலாம். அறையின் வாடகை ஊட்டியை விட ஏன் அதிகம்? சன்னலுக்கு வெளியே யானை வரும் என்பதால்தானே. அந்த யானை யாருடைய பட்டாவிலும் இல்லை. பொதுக்காட்டின் விலங்கைக் காட்டிக் காசு பார்க்கும் தொழில், வேலிக்கு வெளியே நின்றாலும் பொதுக்காட்டுத் தொழில்தான். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அங்கே 27 விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். யானை வழித்தடத்தை உறுதிசெய்த 2011ஆம் ஆண்டின் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்திலும் நிலைத்தது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மாவனல்லாவில் ஒரு தங்குமிடத்தின் அருகே வந்த ஆண் யானையின் மீது எரியும் டயரை வீசினார்கள். தலையில் ஒட்டிக்கொண்ட தீயோடு அது இருட்டில் ஓடுவதைக் காணொளியில் நாடே பார்த்தது. ஏற்கெனவே முதுகில் புண்ணோடு அலைந்துகொண்டிருந்த யானை அது; பிழைக்கவில்லை.

பொது நிலத்தில் தொழில் செய்ய யார், எப்படி அனுமதி தருவது என்ற விஷயத்தில் நியூசிலாந்தைக் கொஞ்சம் பார்க்கலாம். அந்நாட்டு நிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பொதுப் பாதுகாப்பு நிலம். அங்கே மலையேற்ற வழிகாட்டியானாலும் ஹெலிகாப்டர் நிறுவனமானாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாப்புத் துறையிடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கியே தொழில் செய்ய முடியும். நிலம் எதற்காகப் பாதுகாக்கப்படுகிறதோ அதற்கு முரணான தொழிலுக்கு அனுமதி கிடையாது. நீண்டகாலக் குத்தகை என்றால் முன்கூட்டியே அறிவித்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அங்கும் எல்லாம் ஒழுங்கில்லை; விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்குவதாகப் புகார் உண்டு. ஆனாலும் 2018 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னதை நம் ஊர்க் காணிகளும் பளியர்களும் இருளர்களும் கேட்க வேண்டும். ஆக்லாந்து அருகே ரங்கிடோட்டோ, மொட்டுடாப்பு தீவுகளில் மற்றவர்களுக்கு அனுமதி கொடுத்தபோது, அந்த மண்ணின் மாவோரிக் குழுவினரின் நலனைத் துறை சரியாக எடைபோடவில்லை என்று கூறி, முடிவை மறுபரிசீலனை செய்யச் சொன்னது நீதிமன்றம். சில சூழல்களில் மண்ணின் மக்களுக்கு முன்னுரிமை தரலாம் என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. நம்மிடம் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருந்தும், பழங்குடியினருக்கு இந்தத் தொழிலில் கிடைத்திருப்பது பெரும்பாலும் சீருடையும் தினக்கூலியும்தான். எந்தப் பாதையைத் திறப்பது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

இதைப் பேச வேண்டிய நேரம் இப்போதுதான். வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம், செயல் திட்டத்திலோ மேலாண்மைத் திட்டத்திலோ இடம்பெற்றுவிட்ட சூழல் சுற்றுலா வசதிகளைக் ‘காடு சாராத பயன்பாடு’ என்ற பட்டியலிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. முன்பு டெல்லி வரை போய்த் தடுக்கக்கூடியதாக இருந்த ஒரு கட்டடம், இனி மாவட்ட வன அலுவலகத்தில் தயாராகும் ஒரு திட்ட அறிக்கையின் ஏதோ ஒரு பக்கத்திலேயே அனுமதிக்குப் பாதி வழி வந்துவிடும். அந்த அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. பல நூறு பக்கம் நீள்கின்றன. காட்டையொட்டி வாழ்கிறவர்கள் அவற்றைப் படிக்கும் வாய்ப்பே இல்லை. சுற்றுலா பற்றிய அத்தியாயத்தையாவது தமிழில் பெயர்த்து, பாதை வாரியாக ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்த மாதங்களில் மூடல், மூடச் சொல்லும் அதிகாரம் டிக்கெட் விற்காத எந்த அலுவலருக்கு, மூடிய நாளின் கூலியை யார் தருவது என்ற விவரங்களோடு ஒப்புதலுக்கு முன்பே கிராமசபையில் வைக்கச் சொல்லி அரசாணை போட, புதிதாக ஒரு சட்டம் தேவையில்லை.