வார்டில் பேசும் தமிழுக்கும் மதிப்பெண் வேண்டும்
இளநிலை மருத்துவப் படிப்பில் நோயாளியின் மொழி குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

எம்பிபிஎஸ் படிப்பை முழுக்கத் தமிழில் நடத்த வேண்டுமா, ஆங்கிலத்திலேயே விட்டுவிட வேண்டுமா என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கல்லூரி ஆசிரியர்கள், பயிற்சி மருத்துவர்கள், மாணவர்கள் என மூன்று தரப்பும் கலந்த சங்கம் இது. ஒரே குரலில் பதில் சொல்ல இத்தனை நாளாயிற்று. இப்போது சொல்கிறோம்: நோயாளியின் மொழியில் நோய் விவரம் கேட்கத் தெரியாத ஒருவர் இறுதித் தேர்வில் தேறக் கூடாது. தேர்வு முறை அதற்கேற்ப மாற வேண்டும். பாடமொழி பற்றிய எங்கள் கருத்து இதற்கு அடுத்ததுதான்.

இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு நடக்கும் விதம் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. 'லாங் கேஸ்' என்று மாணவருக்கு ஒரு நோயாளியை ஒதுக்குவார்கள். கட்டில் அருகே நின்று, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, இதற்கு முன் எங்கே வைத்தியம் என்று விசாரித்து, உடலைப் பரிசோதித்து எழுதிக்கொள்ள வேண்டும். நேரம் முடிந்ததும் தேர்வாளர்கள் வருவார்கள். மாணவர் எழுதியதை ஆங்கிலத்தில் ஒப்பிப்பார். கேள்வி, பதில், மதிப்பெண், முடிந்தது. நோயாளிக்கும் மாணவருக்கும் நடுவே என்ன பேச்சு நடந்தது என்பதைத் தேர்வாளர் பெரும்பாலும் கேட்பதே இல்லை. தமிழ் தெரியாத மாணவருக்குப் பக்கத்துக் கட்டிலில் நிற்கும் தோழர் கேட்டுச் சொல்வார். பல தேர்வுகளைப் பார்த்துவிட்ட நோயாளியாக இருந்தால், "தம்பி, எனக்கு மைட்ரல் ஸ்டெனோசிஸ்னு எழுதிக்க, சத்தம் இந்த இடத்துல கேக்கும்" என்று அவரே கைகொடுப்பார். (இப்படிப்பட்ட வள்ளல்களுக்கு எங்களில் பாதிப் பேர் கடன்பட்டவர்கள்.) ஒரு மருத்துவர் வாழ்நாள் முழுவதும் செய்யப்போகிற வேலை நோயாளியைக் கேட்பது. தேர்வில் அந்தப் பகுதி யார் காதிலும் விழாமல் கழிந்துவிடுகிறது.

கேஸ் ஷீட்டில் நெஞ்சுவலி இரண்டே ஆங்கிலச் சொற்களில் அடங்கிவிடும். வார்டில் அது அப்படி வருவதில்லை. நெஞ்சு கரிக்குது என்பார் ஒருவர். அடைக்குது, அம்மிக்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி பாரமா இருக்கு, மூச்சை இழுத்தா சுருக்குன்னு குத்துது என்பார்கள் வேறு சிலர். முதலாமவர் இரைப்பை அமிலத்தை நினைக்க வைக்கிறார், பாரம் என்றவர் இதயத்தை, குத்துகிறது என்றவர் நுரையீரல் உறையை. கரிக்கிறது என்று சொல்லிக்கொண்டே மாரடைப்போடு வருகிறவரும் உண்டு. ஆகவே அடுத்த கேள்வியையும் அதற்கடுத்ததையும் அவர் மொழியிலேயே கேட்கத் தெரிய வேண்டும். 'கிறுகிறுப்பு' என்றால் சுற்றியிருப்பவை சுழல்கின்றனவா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? 'கால் மதமதன்னு இருக்கு' என்றால் உணர்ச்சி குறைந்ததா, பலம் குறைந்ததா? 'குழந்தைக்கு இழுப்பு' என்பது ஒரு தாயின் வாயில் மூச்சிரைப்பு, இன்னொரு தாயின் வாயில் வலிப்பு. இரண்டுக்கும் ஓடிப்போய் எடுக்க வேண்டிய மருந்து வேறு. மருமகள் 'முழுகாம இருக்கா' என்று மாமியார் சொன்னால் அவள் குளிக்கவில்லை என்று பொருளல்ல, உண்டாகியிருக்கிறாள். எக்ஸ்ரே சீட்டு எழுதும் கைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இது வெளிமாநில மாணவர்களின் குறை மட்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்பிபிஎஸ் இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போவதால், தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாமல் வருகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் புவனேசுவரத்திலும் ரிஷிகேஷிலும் அதே நிலையில்தான் நிற்கிறார்கள். ஆனால் சென்னையிலோ கோவையிலோ ஆங்கிலப் பள்ளியில் படித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கும் 'முழுகாம' புரிவதில்லை. பார்க்கப்போனால் அவர் நிலைமைதான் கூடுதல் ஆபத்து. தமிழ் தெரியாதவர் சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்பார். தெரிந்ததாக நினைப்பவர் கேட்க மாட்டார்.

2019இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது முதலாண்டின் தொடக்கத்தில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சியைச் சேர்த்தார்கள். அதன் 175 மணி நேரத்தில் மொழிக்கும் கணினிக்கும் சேர்த்து 40 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். விடுதி அறை எது, மெஸ் எது என்று தேடிக்கொண்டிருக்கும் மாதத்தில் கற்ற தமிழ், அடுத்த ஆண்டு வார்டுக்குள் நுழையும்போது எங்கே இருக்கும்? மொழி வகுப்பை வார்டுப் பணி தொடங்கும் இரண்டாம் ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறோம். அதை நடத்த வேண்டியவர்கள் வார்டு சிஸ்டர்களும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களும். தமிழாசிரியர்கள் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு, ஆனால் வயிற்றுப்போக்கை நாற்பது விதமாகச் சொல்லக் கேட்டவர்கள் இவர்கள்தான்.

தேர்வுக்கு வருவோம். ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவினரும் ஸ்காட்லாந்தின் டண்டீயில் வகுத்து 1975இல் வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது. மாணவர் நிலையம் நிலையமாகச் சென்று, ஒவ்வொன்றிலும் தேர்வாளர் கண் முன்னே ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். நம் கல்லூரிகளும் இந்த 'ஆஸ்கி' முறையை அறிந்தவைதான். வெளிநாட்டு மருத்துவர்களுக்குப் பிரிட்டன் வைக்கும் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதி இப்படித்தான் நடக்கிறது. நோயாளியாக நடிப்பவரிடம் பேசிக் காட்டித் தேற வேண்டும். நம் ஊர் மருத்துவர் மான்செஸ்டர் நோயாளியிடம் பேசத் தெரிந்தவரா என்று மான்செஸ்டரில் சோதிக்கிறார்கள். தேனி நோயாளியிடம் பேசத் தெரியுமா என்று தேனியில் சோதிக்க ஏற்பாடு இல்லை. பல்கலைக்கழகத்திடம் நாங்கள் கேட்பது பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம் மூன்றிலும் ஆளுக்குப் பத்து நிமிடத்தில் ஒரு தமிழ் நிலையம். தேர்வாளர் உட்கார்ந்து கேட்க வேண்டும். இதில் தவறியவருக்கு வேறு பகுதியின் மதிப்பெண்ணைக் கொண்டு ஈடுகட்டக் கூடாது.

பாடமொழி பற்றி. நீட் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். உள்ளே வந்த முதல் நாளே எல்லாம் ஆங்கிலம். 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின் வழியே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வரத் தொடங்கிய பிறகு இந்தப் பள்ளம் நன்றாகத் தெரிகிறது. அவர்களை மிரட்டுவது கலைச்சொற்கள் அல்ல. ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்ற தசையின் பெயர் கான்வென்ட் பிள்ளைக்கும் அன்றைக்குத்தான் அறிமுகம். கலைச்சொல்லுக்கும் கலைச்சொல்லுக்கும் நடுவே ஓடுகிற நீண்ட ஆங்கில வாக்கியம்தான் மூச்சு முட்ட வைக்கிறது. ஆகவே முதலாண்டு வகுப்பில் ஆசிரியர் தமிழிலும் விளக்கலாம், உள்தேர்வு விடைகளில் கலைச்சொல்லை அப்படியே வைத்துத் தமிழில் எழுதலாம் என்று வெளிப்படையாக ஆணையிட வேண்டும். பல ஆசிரியர்கள் இப்போதும் தமிழில் விளக்கத்தான் செய்கிறார்கள், ஏதோ திருட்டுத்தனம் போல.

முழுத் தமிழ்வழி எம்பிபிஎஸ் வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒப்புதல் இல்லை. அதை மறைக்கவில்லை. வேண்டும் என்பவர்கள் சாமுவேல் கிறீனைக் காட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த இந்த அமெரிக்க மருத்துவர் 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி, இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். தமிழால் முடியாது என்ற வாதம் அன்றைக்கே தோற்றுவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் 2022 அக்டோபரில் முதலாண்டுப் பாடநூல்கள் இந்தியில் வந்ததையும் சொல்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள் ஆய்வு இதழ்களும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வும் ஆங்கிலத்தில் இருக்கும்வரை தமிழில் மட்டும் படித்தவர் பாதி வழியில் நின்றுவிடுவார் என்கிறார்கள். நூல்கள் வரட்டும், விரும்பியவர் படிக்கட்டும் என்ற அளவில் இப்போதைக்கு நிற்கிறோம்.

செவிலியம், பிசியோதெரபி, ஆய்வக நுட்பம் ஆகிய இளநிலைப் படிப்புகளுக்கும் இதே கோரிக்கைதான். நோயாளியோடு மருத்துவரைவிட அதிக நேரம் பேசுகிறவர்கள் அவர்கள்.

ஏற்கெனவே நாலரை ஆண்டு திணறுகிறது, இன்னொரு சுமையா என்று மாணவர் தரப்பிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. புதிதாக எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. லாங் கேஸில் காணாமல் போகும் நேரத்தில் பத்து நிமிடத்தைத் தேர்வாளர் முன் கொண்டுவரச் சொல்கிறோம். தேர்வாளர்களுக்கு அது வேலைதான், மறுக்கவில்லை.

எங்கள் பங்குக்கு, வார்டுகளில் கேட்கும் நோய்ச் சொற்களை மாவட்டவாரியாகத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறோம். சொல், சொன்னவர் எந்த ஊர்ப் பக்கம், கடைசியில் என்ன நோய் என்று தெரிந்தது, இந்த மூன்றையும் பயிற்சி மருத்துவர்களும் சிஸ்டர்களும் எழுதி அனுப்பினால் போதும். நோயாளியின் பெயர் வேண்டாம். இழுப்புக்கு மட்டும் தனித்தாள் வைத்திருக்கிறோம்.