சூரியனின் துடிப்புக்குச் செவிகொடுப்போம்!

2024-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி இரவு லடாக்கின் ஹான்லே வானம் செந்நிறமாக ஒளிர்ந்தது. 2003-க்குப் பின் பூமியைத் தாக்கிய மிகக் கடுமையான சூரியப் புயலின் விளைவு அது. அப்போது தருமபுரியில் மாங்காய் அறுவடைக் காலம். வானத்துச் செய்தியை ஒரு விந்தையாக வாசித்துவிட்டு நானும் கடந்துபோனேன். அமெரிக்காவில் செயற்கைக்கோள் வழிகாட்டலை நம்பி ஓடும் டிராக்டர்கள் விதைப்பு நேரத்தில் தடுமாறி நின்றன என்று அறிந்தபோதுதான், இது உழவர்களின் செய்தியும்கூட என்பது புரிந்தது.

தொப்பூர் கணவாயைக் கடக்கும் லாரிகள் முதல் நம் கைப்பேசி வரை இன்று வழிகாட்டுபவை செயற்கைக்கோள்களே. மின்கட்டமைப்பும் விதிவிலக்கல்ல. 1989 மார்ச்சில் சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் இருளில் மூழ்கியது.

சூரியன் சீறுவதை ஒளியால் மட்டுமன்றி வானொலி அலைகளாலும் அறியலாம். 1942 பிப்ரவரியில் பிரிட்டனின் ரேடார்கள் திடீரென இரைச்சலில் மூழ்கின. எதிரியின் சதியோ என்று ஐயம் எழுந்தது. ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே ஆராய்ந்தபோது, குற்றவாளி சூரியன் என்பது தெரியவந்தது.

சுடர்வெடிப்பின்போது வரும் இந்த இரைச்சல் சிலவேளை சீரான இடைவெளியில் ஏறி இறங்குகிறது. இடைவெளி ஒரு நொடிக்கும் குறைவாகவோ, சில நிமிடங்களாகவோ இருக்கலாம். கோயில் மணியின் ஓசையைக் கேட்டே அதன் அளவையும் உலோகத்தையும் ஊகிப்பதுபோல, இந்தத் துடிப்புகளைக் கொண்டு சூரிய வளிமண்டலத்தின் காந்தப்புல வலிமையைக் கணிக்க முடியும். நேரடியாக அளக்க மிகக் கடினமான அந்தக் காந்தப்புலத்தில்தான் வெடிப்புக்கான ஆற்றல் சேர்ந்திருக்கிறது. காந்த வளையங்கள் அதிர்வதால் துடிப்பு எழுகிறதா, காந்தக் கோடுகள் விட்டுவிட்டு அறுந்து இணைவதாலா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. முடிவு காண வேண்டுமானால் இடைவிடாத பதிவுகள் வேண்டும்.

அந்தப் பதிவு நமக்கு அருகிலேயே நடக்கிறது. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் வானொலி சூரியப்படக் கருவி 1997 முதல் இயங்குகிறது. அங்குப் பதிவான சீரான துடிப்புகளைக் கொண்டு ஆய்வுகளும் வெளிவந்துள்ளன. உதகையில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி, சூரியனிலிருந்து கிளம்பும் புயல்களை விண்வெளியில் பின்தொடர உதவுகிறது.

'ஆதித்யா எல்-1 இருக்கும்போது தரைநிலையம் எதற்கு?' என்று கேட்கலாம். அந்த விண்கலத்தின் 7 கருவிகளில் சூரியனின் வானொலி அலைகளைப் பதிவு செய்வது ஒன்றுகூட இல்லை. கண்ணுக்கு அது, செவிக்குத் தரைநிலையமே.

அந்தச் செவிக்கு இன்று ஆபத்து, நம் நகரங்களின் இரைச்சல். கௌரிபிதனூர் செவிமடுக்கும் அலைவரிசைகளுக்கு இடையில்தான் நம் பண்பலை வானொலிகளும் ஒலிக்கின்றன. எல்இடி விளக்குகளும் மின்னணுச் சாதனங்களும் மேலும் இரைச்சல் சேர்க்கின்றன. தொலைநோக்கிகளைச் சுற்றி வானொலி அமைதி மண்டலங்களைச் சட்டப்படி காப்பது அரசின் கடமை. நிதி ஒதுக்கீட்டில் புதிய விண்கலங்களுக்குத் தரும் முக்கியத்துவத்தைப் பழைய நிலையங்களின் பராமரிப்புக்கும் தரவேண்டும்.

நம் மாவட்டமும் பங்கேற்கலாம். சுவிட்சர்லாந்தில் உருவான 'கலிஸ்டோ' என்ற எளிய வானொலிக் கருவி பல நாடுகளில் இயங்குகிறது. உதகையிலும் கௌரிபிதனூரிலும் உண்டு. இரைச்சல் குறைந்த சித்தேரி மலைப் பகுதியில் அத்தகைய ஒன்றை நிறுவி, பராமரிப்பைத் தருமபுரியின் அரசுக் கல்லூரி மாணவர்களிடம் ஒப்படைக்கலாம்.

வானொலி அலை சூரியனிலிருந்து சுமார் 8 நிமிடங்களில் வந்து சேர்கிறது. புயலாக வீசும் பொருண்மை வர ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகும். இயற்கை நமக்குத் தரும் அவகாசம் அது. செவிகொடுப்போருக்கே அது பயன்படும்.