ஜீப்பின் தலையில் எத்தனை கிலோ?

கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து நேராக அங்கே வண்டியில் ஏற வழியில்லை. போடி மெட்டைக் கடந்து, கேரளத்தின் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப் பிடிக்க வேண்டும். பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் மகிந்திரா மேஜர், கமாண்டர் போன்ற பழைய ஜீப்களை இன்றும் பார்க்கலாம். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றிச் செல்வதும் இதே ரக வண்டிகள்தான். தயாரிப்பு நின்று பல ஆண்டுகளான இவற்றை உயிரோடு வைத்திருப்பவை மலையடிவாரத்துப் பட்டறைகள்.

இந்த வண்டிகளுக்குக் கேரியர் இல்லாமல் பிழைப்பு ஓடாது. உள்ளே ஆள், மேலே சாமான். அரிசி, உரம், தண்ணீர்க் குழாய், மருந்தடிக்கும் பம்பு என எல்லாமே மேலே ஏறும். கேரியரை அடித்துக் கொடுப்பதும் பட்டறைதான். வரைபடம் கிடையாது. எத்தனை கிலோ தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை, எங்கும் எழுதி வைப்பதும் இல்லை. அதிகாரிகள் கண்டும் காணாமல் விடுகிறார்கள். வண்டி கவிழ்ந்த பிறகு அபராதம் பற்றிய பேச்சு வருகிறது. இரண்டுமே தவறு. உறுதியான, பாதுகாப்பான கேரியரை அதே பட்டறையில், அதே வெல்டர் கையால் செய்ய முடியும். அதற்கான விதிகளை எழுதிக் கொடுத்து, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுப் பரிசோதனையின்போது சரிபார்க்க வேண்டியது அரசின் கடமை.

முதல் கேள்வி, கேரியரின் கால் எங்கே ஊன்றுகிறது என்பது. இரும்புக் கூரை போட்ட வண்டிகளின் மேல்தகடு ஏறக்குறைய 1 மி.மீ. கனம்தான், அது மழையைத் தாங்கும், மூட்டையைத் தாங்காது. பழைய வண்டிகளில் கூரையின் இரு ஓரமும் தண்ணீர் வழிந்தோட மடித்த விளிம்பு இருக்கும். பக்கச் சுவரும் கூரையும் சேரும் இடம் அது என்பதால் சுமையை அங்கே இறக்குவதுதான் முறை. நான்கு கால் போதாது. ஆறோ எட்டோ இருந்தால்தான் ஒவ்வொரு இடத்திலும் அழுத்தம் குறையும்.

படுதா போட்ட ஜீப்பில் சிக்கல் இன்னும் பெரிது. அதற்குக் கூரையே இல்லை. எனவே முன்கால்களைக் கண்ணாடிச் சட்டத்தில் ஊன்றிவிடுகிறார்கள். பழைய வில்லீஸ் ஜீப் காலத்திலிருந்தே ஜீப்பின் முன்கண்ணாடிச் சட்டம் முன்னால் மடித்துப் படுக்க வைக்கும்படி கீலில் நிற்பது. அது சுமை தூக்கப் பிறந்ததே இல்லை. அதன் தலையில் மூட்டையை ஏற்றினால் கீல் தேயும், சட்டம் கோணும், கண்ணாடி விரியும். முன்கால்கள் பானட்டின் இருபுறமும் கீழிறங்கி, பாடியின் உறுதியான பகுதியில் தகடு வைத்து போல்ட் போடப்பட வேண்டும்.

சிலர் இன்னும் உறுதி வேண்டும் என்று ஒரு காலைப் பாடியிலும் மறு காலைச் சேஸியிலும் பற்ற வைக்கிறார்கள். இது உறுதியைக் கெடுக்கும் வேலை. ஜீப்பின் பாடி, இடையில் ரப்பர் வைத்து சேஸிமேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது சேஸி முறுகும். பாடி அதே அளவு முறுகாது. இரண்டையும் இரும்பால் பூட்டினால் ஏதாவது ஒன்று விரிந்தே தீரும், பெரும்பாலும் வெல்டிங்தான். ஆகவே கேரியர் முழுவதும் பாடியில் நிற்கட்டும், அல்லது முழுவதும் சேஸியில் நிற்கட்டும். கால்களுக்கு அடியில் கனமான ரப்பர் வைப்பதும் அவசியம்.

அடுத்தது இரும்பு. கம்பி கனமாக இருந்தால் கேரியர் உறுதியாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 25 மி.மீ. கெட்டிக் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 3.85 கிலோ. வெளிவிட்டம் 32 மி.மீ., சுவர்க் கனம் 2 மி.மீ. உள்ள குழாய் மீட்டருக்கு 1.5 கிலோகூட இல்லை. ஆனால் சுமையில் தொய்யாமல் நிற்பதில் கெட்டிக் கம்பியைவிட அந்தக் குழாய் ஒரு படி மேல். முறிவதற்கு முன் தாங்கும் அளவில் மட்டும் சற்றுக் குறைவு. ஒரு கேரியருக்கு 20 மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கம்பியில் 77 கிலோ, குழாயில் 30 கிலோ. மிச்சமாகும் 47 கிலோ, ஒரு யூரியா மூட்டையின் எடைக்கும் மேல். மூட்டை ஏறும் முன்பே அந்த எடையை இரும்பாகத் தலையில் சுமப்பதில் என்ன லாபம்?

அலுமினியம் இன்னும் இலேசாயிற்றே என்று கேட்கலாம். எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு என்பது உண்மை. வளையாமல் நிற்கும் தன்மையும் மூன்றில் ஒரு பங்குதான். பற்ற வைத்த இடத்தைச் சுற்றி அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். ஓயாத குலுக்கலில் அதில் விரிசல் வந்தால் மலையூர்ப் பட்டறையில் சரிசெய்வது கடினம். சாதாரண இரும்புக் குழாயை எந்த ஊர் வெல்டரும் பற்ற வைப்பார். இந்தப் பாதைகளுக்கு இரும்பே பொருத்தம். ஜி.ஐ. பைப்பாக இருந்தால் பற்ற வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதன் புகையைச் சுவாசித்த வெல்டருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல்போல உடம்பு நடுங்கும். வண்டியின் பாதுகாப்பைப் பேசும்போது அவருடைய நுரையீரலையும் சேர்த்தே பேச வேண்டும்.

காலும் சட்டமும் சேரும் மூலைகளில் முக்கோணத் தகடு வைத்துப் பற்ற வைத்தால் விரிசல் எளிதில் வராது. குலுக்கலில் கழலாத நைலாக் நட்டும் அகலமான வாஷரும் போட வேண்டும். குழாயின் வாயை மூடி, அடியில் சிறு துளை விட வேண்டும். இல்லையென்றால் உள்ளே தேங்கும் ஈரம் பெயிண்டுக்குள்ளேயே இரும்பைத் தின்றுவிடும்.

இவ்வளவும் செய்தாலும் கேரியர் உடையாது என்றுதான் பொருள். வண்டி கவிழாது என்று பொருளில்லை. ஓர் உதாரணக் கணக்கு: 1,200 கிலோ வண்டி, சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 65 செ.மீ. வெறும் ஏட்டுக் கணக்கில் அது 45 பாகை சாய்ந்தால்தான் கவிழும். 2 மீட்டர் உயரத்தில் 150 கிலோவை ஏற்றுங்கள். எடை மையம் 80 செ.மீ. ஆகிறது, கவிழும் கோணம் 39 பாகையாக இறங்குகிறது. ஸ்பிரிங் பட்டை விரிந்து டயர் அமுங்கும் நிஜப் பாதையில் இரண்டு எண்களுமே இன்னும் கீழே போகும். வண்டியின் எடையில் எட்டில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் கொண்டை ஊசி வளைவில், பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும் நேரத்தில், ஓட்டுநரின் கையில் இருக்கும் அவகாசம் அந்தச் சில பாகைகள் மட்டுமே.

உற்பத்தியாளர்கள் இதை அறிந்தே எண்களைத் தருகிறார்கள். 2020இல் விற்பனைக்கு வந்த புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் கூரை, வண்டி நிற்கும்போது 300 கிலோ தாங்கும். ஓடும்போது அனுமதி 168 கிலோ மட்டுமே. மூன்று கதவு சுசுகி ஜிம்னிக்கு வெறும் 30 கிலோ. கணினியில் வடிவமைத்துச் சோதித்த புது வண்டிகளுக்கே இந்த வரம்பு இருக்கும்போது, முப்பது வயது ஜீப்பின்மேல் மூன்று நான்கு மூட்டைகளை அடுக்குவதை எப்படி ஏற்பது? சோதித்துச் சரியான எண் வரும்வரை, கேரியரின் எடையையும் சேர்த்து 75 கிலோ என்பதே நியாயமான உச்சவரம்பு என்று படுகிறது.

சட்டத்தில் தண்டனைக்குக் குறைவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றும், அனுமதித்த அளவை மீறிப் பக்கவாட்டிலோ உயரத்திலோ சுமை நீண்டால் 20,000 ரூபாய் என்றும் விதித்தது. கால் எங்கே ஊன்ற வேண்டும், எந்தக் குழாய் வேண்டும் என்பதை இந்தப் பிரிவுகள் சொல்லித்தரவில்லை. ஓட்டுநருக்குத் தேவைப்படுவது அந்தப் பாடம்.

அதிகச் செலவில்லாத ஒரு வழி உண்டு. ஜீப் ரகங்களுக்கென்று ஒரு பக்க வரைபடத்தைப் போக்குவரத்துத் துறை தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடலாம். அரசுப் பொறியியல் கல்லூரிகளும் ஐ.டி.ஐ.களும் அதைச் சோதித்துத் தரும் திறமை உள்ளவையே. செய்து முடித்த கேரியரை எடை போட்டு, அதன் எடையையும் ஏற்றக்கூடிய சுமையையும் கேரியரின் சட்டத்திலேயே பெயிண்டால் எழுத வேண்டும். எஃப்.சி.க்கு வரும்போது வெல்டிங், போல்ட், ரப்பர் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் சான்று தர வேண்டும்.

வரைபடத்தில் விட்டுவிடக் கூடாத ஒன்று, பக்கக் கம்பியின் உயரம். ஒரு முழ உயரத்துக்கு வேலி அடித்த கேரியரில் அந்த உயரம் வரை சாமான் ஏறியே தீரும். உரிமையாளர் எவ்வளவு கண்டிப்பானவராக இருந்தாலும் நிறுத்த முடியாது. 10 செ.மீ.க்கு மேல் போகாத வேலியே பாய், படுக்கை, காலிக் கூடை போன்ற இலேசான சாமான்களைக் கட்டப் போதும். மூட்டைமேல் மூட்டை நிற்காது. ஆள் ஏறி உட்காரவும் வசதிப்படாது.

அப்படியானால் உர மூட்டை எதில் போகும் என்று ஓட்டுநர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கனமான சாமான் வண்டியின் தரையில், பின் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும்; ஆள் நிறைந்த வண்டியில் அதற்கு இடமிருக்காது. எனவே சாமானுக்குத் தனி நடை தேவை. அந்த நடைக்கான கூலியைத் தோட்ட உரிமையாளர்கள் தர வேண்டும். இன்று அந்தச் செலவு மிச்சமாவது, கீழே உட்கார்ந்து வரும் தொழிலாளப் பெண்களின் உயிரைப் பணயம் வைத்துத்தான். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் தோட்ட உரிமையாளர்களையும் ஜீப் ஓட்டுநர்களையும் ஒரே மேசையில் அமர்த்தி, ஆகஸ்டில் ஏலக்காய் அறுவடை சூடுபிடிப்பதற்குள் இந்தக் கூலியை முடிவு செய்ய வேண்டும்.