வாய்மொழியும் மதுக்கூடமும்: பெங்களூருக் கவிதை மேடைகளை முன்வைத்து ஒரு மறுப்பு

முன்னுரை

கவிதையைப் பலர்முன் சொல்வதும் கேட்டோர் அதனை மதிப்பிடுவதும் தமிழுக்குப் புதியன அல்ல. ஆயினும் பெங்களூரில் 2010ஆம் ஆண்டை ஒட்டிய காலந்தொட்டுச் சிற்றுண்டி விடுதிகளிலும் மதுக்கூடங்களிலும் பரவிய வாராந்திரக் கவிதை மேடைகள் தமிழாய்வின் கண்ணுக்குப் படவில்லை. 'ஓப்பன் மைக்' என்றும் போட்டி முறையில் அமையும்போது 'கவிதை ஸ்லாம்' என்றும் வழங்கப்பெறும் இம்மேடைகளைப் பற்றிப் பேச்சு எழும்போது தமிழறிஞரிடையே மூன்று கருத்துகளைக் கேட்க முடிகிறது. மது அருந்தும் இடத்தில் கவிதை சொல்வது கவிதைக்கு இழுக்கு என்பது ஒன்று. யாப்பறியாதார் கூச்சலிடுவது கவிதையாகாது என்பது மற்றொன்று. இவையெல்லாம் நம் கவியரங்கத்தில் முன்பே உள்ளவை, புதிதாகக் கற்க ஏதுமில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றும் பொருந்தாதவை. இவற்றை நம்பித் தமிழ்த்துறைகள் வாளாவிருப்பதால், தமிழ் பேசியும் தமிழ் எழுத்தறியாத ஓர் இளந்தலைமுறையின் கவிதை தமிழுக்கு இல்லாமற் போகிறது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்லாமின் தோற்றமும் விதிகளும்

ஸ்லாம் பல்கலைக்கழகத்தில் பிறந்ததன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில் கட்டுமானத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் என்பார், 1984ஆம் ஆண்டு ஒரு மதுக்கூடத்தில் கவிதை வாசிப்புக் கூட்டங்களைத் தொடங்கினார். 1986ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 'கிரீன் மில்' என்னும் மதுக்கூடத்தில் அதனைப் போட்டியாக மாற்றி, ஞாயிறுதோறும் நடத்தலானார். கல்லூரி அரங்குகளில் ஒரு சிலர் மட்டும் கேட்ட கவிதையை, வேலை முடிந்து வருவோர் கூடுமிடத்திற்குக் கொண்டுவருவதே அவர் கருத்து. 1990ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க நாடளாவிய முதற்போட்டி நடைபெற்றது.

இதன் விதிகள் எளியவை. கவிதை சொல்வோரின் சொந்தப் படைப்பாதல் வேண்டும். மூன்று மணித்துளிகளுக்குள் முடிதல் வேண்டும். சிறிது நேரச் சலுகைக்குப் பின் மதிப்பெண் குறைக்கப்படும். இசைக்கருவி, வேடம், பிற பொருள்கள் ஆகியன விலக்கப்பட்டவை. கேட்போருள் எவரேனும் ஐவர் நடுவராவர். அவர்கள் சுழி முதல் பத்து வரை மதிப்பெண் வழங்குவர். மிகுந்ததும் குறைந்ததும் நீக்கப்பட்டு எஞ்சிய மூன்றும் கூட்டப்படும். ஓப்பன் மைக்கில் இப்போட்டியும் இல்லை. பெயர் கொடுத்த எவரும் மேடையேறலாம். அழைப்பிதழ் இன்றி எவரும் பேசலாம் என்பதும், புலமைப் பட்டம் இன்றி எவரும் மதிப்பிடலாம் என்பதுமே இவ்வடிவத்தின் உயிர்நிலை.

ஒரு சாலையில் இரு மேடைகள்

பெங்களூர் ஹலசூரு ஏரியை ஒட்டிச் செல்வது அண்ணாசாமி முதலியார் சாலை. கொடைவள்ளலாக விளங்கிய தமிழர் ஒருவரின் பெயரை அது தாங்கியுள்ளது. 1950ஆம் ஆண்டு தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அச்சாலையில்தான் அமைந்துள்ளது. 1991ஆம் ஆண்டு முதல் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிவைக்கப்பட்டிருந்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அவ்வேரிப் பகுதியிலேயே திறந்துவைக்கப்பட்டது. சில நாள்களில் கன்னட வாய்மொழிக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டதும் நினைக்கத்தக்கது.

2010களில் அதே அண்ணாசாமி முதலியார் சாலையில் 'அர்பன் சோலஸ்' என்னும் விடுதி, செவ்வாய்தோறும் கவிதை மேடை ஒன்றை நடத்தியது. அங்கு முதன்மை பெற்ற மொழி ஆங்கிலம். ஒரே சாலையில், ஒரு கட்டடத்தில் தமிழ் நூலகம். மற்றொன்றில் எவரும் ஏறிப் பேசத்தக்க ஒலிவாங்கி. இவ்விரண்டையும் இணைக்க வேண்டும் என்னும் எண்ணம் தமிழ்த்துறைகளில் எழவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, கருநாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 21 இலட்சம் பேர். பெங்களூரில் இவர்தம் பிள்ளைகளுள் பெரும்பகுதியினர் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவர், பாட்டியிடம் கதை கேட்டிருப்பர், திரைப்பாடல் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வர். தமிழ் எழுத்து மட்டும் அறியார். இவருள் கவிதை உள்ளம் படைத்த ஒருவர்க்குத் தமிழில் உள்ள வழி யாது? இதழுக்கு அனுப்ப எழுதத் தெரியாது. நூல் வெளியிட இயலாது. கவியரங்கத்திற்கு அழைப்பார் இல்லை. எழுத்தறிவை வேண்டாத கவிதை மேடை ஒன்றே அவர்க்குரியது. அம்மேடை ஆங்கிலத்தில் மட்டும் இருப்பின் அவர் ஆங்கிலக் கவிஞராவார். அதற்காக அவரைப் பழித்தல் முறையன்று.

இடம் குறித்த தடை

மதுக்கூடம் என்றவுடன் முகஞ்சுளிப்போர், தாம் வகுப்பறையில் கற்பிக்கும் பாடல்களை மறந்துவிடுகின்றனர். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல், அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த பண்பை நினைந்தே தொடங்குகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனை ஓம்பும் இடத்தில் மதுவும் உண்டு. இவற்றைக் கொண்டு குடியைப் போற்ற வேண்டும் என்பது கருத்தன்று. குறளில் கள்ளுண்ணாமை ஓர் அதிகாரமாக அமைந்திருப்பதும் தமிழ்மரபே. ஒரு பாடல் எவ்விடத்துப் பாடப்பெற்றது என்பது அதன் தகுதியை அறுதியிடாது என்பதே ஈண்டுப் பெறப்படுவது.

ஆய்வு நெறி சார்ந்த சான்று இன்னும் வலுவானது. க. கைலாசபதி 1968ஆம் ஆண்டு வெளியிட்ட 'தமிழ் ஹீரோயிக் பொயட்ரி' என்னும் நூல், சங்கப் பாடல்களை வாய்மொழி மரபில் வைத்து விளக்கியது. அக்கோட்பாட்டை ஏற்போரும் மறுப்போரும் உளர். 2001ஆம் ஆண்டு ஹெர்மன் டீக்கன் அதற்கு நேர்மாறான கருத்தை முன்வைத்தார். எனினும், கைலாசபதியின் நூலைப் படிக்காமல் எந்தத் தமிழ்த்துறையிலும் சங்க இலக்கிய ஆய்வு முழுமை பெறுவதில்லை. அந்நூலுக்கு அடித்தளமாக அமைந்தவை மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு ஆகியோரின் ஆய்வுகள். பாரி 1933 முதல் 1935 வரை யூகோசுலாவியாவில் எழுத்தறியாப் பாடகர்களைத் தேடிச் சென்று, அவர்தம் பாடல்களை ஒலித்தட்டில் பதிவு செய்தார். அப்பாடகர்கள் பாடிவந்த களங்களுள் தலையாயது ஊர்க் காப்பிக்கடை என்பதை லார்டு 1960ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார்.

யூகோசுலாவியக் காப்பிக்கடைப் பாடகனைக் கொண்டு பாணனை விளங்கிக்கொள்ளும் ஆய்வுலகம், ஹலசூருக் காப்பிக்கடையில் எழுந்து நிற்கும் தமிழ் இளைஞனை ஆய்வுக்குரியவனாகக் கருதவில்லை. இறந்துபட்ட பாணனுக்குக் கருத்தரங்குகள் பல. வாழும் பாணனுக்கு ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் இல்லை. இம்முரண்பாட்டிற்கு விடை கூறும் கடமை தமிழ்த்துறைகளைச் சாரும்.

யாப்பும் நடுவரும்

யாப்பில்லை என்னும் தடை தொல்காப்பியத்தை முழுமையாக நோக்காததால் எழுவது. செய்யுளியல், யாப்பு வழங்கும் நிலங்களாகப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழனைக் கூறுகிறது. இவற்றுள் பாட்டு ஒழிந்த ஆறும் அடிவரையறை இல்லாதவை. வாய்மொழி என்பதற்கு மந்திரம் என உரையாசிரியர் பொருள் கொண்டனர். அதனை இன்றைய பேச்சுக் கவிதைக்கு நேராகப் பொருத்துதல் மிகையாகும். ஆயின், விடுகதையையும் பழமொழியையும் செய்யுளியலுக்குள் வைத்தெண்ணிய ஓர் இலக்கணத்தை முன்னிறுத்தி, அடியெண்ணிக் கவிதையை வெளியேற்ற இயலாது. கேட்போர், களன் ஆகிய இரண்டையும் அவ்வியல் செய்யுள் உறுப்புகளாக எண்ணியுள்ளது. அவை பாடலுக்குள் நிகழும் கூற்றினைக் கேட்பாரையும் அது நிகழும் இடத்தையுமே குறிக்கும். அவ்வாறாயினும், செய்யுளைச் சொல்வார், கேட்பார், இடம் என்னும் தொடர்பில் வைத்துக் காணும் பார்வை அங்கு உள்ளது என்பது மறுக்கவொண்ணாதது.

கல்லாதார் எங்ஙனம் கவிதையை மதிப்பிடுவர் என்னும் வினாவும் எழுப்பப்படுகிறது. அமெரிக்கத் திறனாய்வாளர் ஹெரால்டு புளூம், 2000ஆம் ஆண்டில் ஸ்லாமைக் கலையின் சாவு என்று சாடியதும் இவ்வகைப்பட்டதே. தமிழ்மரபு இவ்வினாவிற்கு ஒரு கதையால் விடையளிக்கிறது. இறையனார் களவியலுக்குப் புலவர் பலரும் உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்பதில் பூசல் எழுந்தது. தீர்ப்புக் கூறுவதற்கு அமர்த்தப்பெற்றவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டு நிரம்பிய ஊமைச் சிறுவன். நக்கீரர் உரையைக் கேட்டபோது அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான், அதுவே தீர்ப்பாயிற்று. அவனை முருகனின் வடிவாகக் கதை கூறுகிறது என்பதும், மதிப்பிடப்பட்டது உரையே என்பதும் உண்மை. எனினும், கற்றோர் அவைக்கு மேலாகக் கேட்டு உருகும் ஒருவனின் உடலை அளவுகோலாக வைத்த கதையைப் போற்றிக்கொண்டே, கேட்போர் ஐவர் மதிப்பெண் இடுவதை இழிவெனக் கூறுதல் பொருந்தாது.

கவியரங்கம் வேறு

நம்மிடம் இது முன்பே உண்டு என்னும் கூற்று நட்புரை போலத் தோன்றினும், மூன்றனுள் தீங்கு மிக்கது இதுவே. இருபதாம் நூற்றாண்டில் கவியரங்கம் கவிதையை அச்சிலிருந்து மக்களிடம் கொண்டுசென்றது. வானொலியும் திராவிட இயக்க மேடைகளும் அதனை வளர்த்தன. மு. கருணாநிதி தலைமையேற்ற கவியரங்கங்களும், அப்துல் ரகுமான், மு. மேத்தா முதலியோர் பங்கேற்ற மேடைகளும் பெருந்திரளை ஈர்த்தன. இப்பணியைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் கவியரங்கத்தின் அமைப்பு யாது? தலைவர் ஒருவர்; அவர்க்கு வணக்கம்; அழைக்கப்பெற்ற கவிஞர்; ஒதுக்கப்பெற்ற தலைப்பு; இறுதியில் பொன்னாடை. கேட்போர் கைதட்டலாம், மறுமுறை சொல்லக் கேட்கலாம்; மேடையேற இயலாது. முன்னரே புகழ் பெற்றவர்க்கே ஒலிவாங்கி கிடைக்கும். ஸ்லாம் இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறது. இவ்வேறுபாட்டை மறைத்து இரண்டும் ஒன்றே என்பார், கவியரங்கத்தின் குறையைக் காணாது விடுகின்றனர். கவியரங்க அமைப்பிற்கு வெளியே தமிழ் இயங்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1980களில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த 'கவிதா நிகழ்வு'கள் கவிதையைப் பலர் கூடி நிகழ்த்தும் கலையாக்கின. 2018 சனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் இணைத்துச் சாதி எதிர்ப்பைப் பாடியது. இவை கவியரங்கத்தின் அழைப்பிதழுக்குக் காத்திருக்கவில்லை.

உண்மையான குறைகள்

ஸ்லாமிற்குக் குறைகள் இல்லாமலில்லை. மதிப்பெண்ணுக்காக ஒரே வகையான உருக்கமும் ஒரே வகையான குரலேற்றமும் பழக்கமாகிவிடுகின்றன. தன் அடையாளத்தை மெய்யெனத் தோன்றுமாறு நிகழ்த்திக் காட்டுவோர்க்கு மதிப்பு மிகுவதை, சூசன் சோமர்ஸ்-வில்லெட் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழாய்வாளர் எழுப்பியிருக்க வேண்டிய வினாக்கள் இத்தகையனவே.

பெங்களூர் மதுக்கூடத்தின் மீது வைக்கத்தக்க குற்றச்சாட்டும் ஒன்றுண்டு. சிகாகோவில் மதுக்கூடம் உழைப்பாளி வந்துபோகும் இடம்; ஆதலால் அங்கே கவிதை அவனைத் தேடிச் சென்றது. பெங்களூரில் ஓப்பன் மைக் நடைபெறும் விடுதிகளோ பெரும்பாலும் நல்ல ஊதியம் பெறுவோர்க்கு உரியவை. ஹலசூரில் தலைமுறைகளாக வாழும் கூலித் தொழிலாளியின் மகள் அங்கு நுழையத் தயங்குவது மதுவின் மணத்தால் மட்டுமன்று. விலைப்பட்டியலாலும், அங்குப் புழங்கும் ஆங்கிலத்தாலும் ஆகும். கடல் கடந்து வந்தபோது வடிவம் நிலைத்தது. அது யாருக்காகப் பிறந்ததோ அவர் வெளியே நிறுத்தப்பட்டார். ஒழுக்கத்தின் பெயரால் மதுவைச் சாடுவோர், வருவாய் எழுப்பியுள்ள இத்தடையைக் குறித்து ஏதும் கூறுவதில்லை.

முடிவுரை

வடிவத்தை ஏற்று இடத்தை மாற்றுதலே தக்க வழியாகும். பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் உள்ள தமிழமைப்புகள், தம் அரங்குகளில் வாரத்தில் ஒரு மாலையைத் தலைவரும் பொன்னாடையும் இல்லாத மேடைக்கு ஒதுக்கலாம். அங்குக் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் கலந்த பெங்களூர்த் தமிழுக்குத் தடை இருத்தலாகாது. எழுத்தறியாதார் சொல்லும் கவிதையை எழுத்தறிந்தார் ஒருவர் அருகிருந்து எழுதித் தரலாம். அதுவே அவர்க்குத் தமிழெழுத்தின் முதற்பாடமாகவும் அமையும்.

தமிழ்த்துறைகளுக்கு உரிய பணி வேறு. சொல்லப்படும் கவிதையை, சொல்வோர் இசைவுடன், ஒலி வடிவிலும் எழுத்து வடிவிலும் பதிவு செய்தல். ஒரே கவிதை வெவ்வேறு இரவுகளில் அடையும் வேறுபாடுகளைப் பாடபேதம் ஆராயும் கண்கொண்டு ஒப்பிடுதல். பேச்சுத் தமிழில் ஒலிநயம் அமையும் வகையை விளக்குதல். முனைவர் பட்ட ஆய்வுக்கு இப்பொருளை ஏற்றல் ஆகியன உடனடியாகச் செய்யத்தக்கன. இவற்றுக்குப் பெருநிதி வேண்டா. ஒரு கைப்பேசியும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

ஓலையில் எழுதப்பெறாது போன பாடல்களுக்காக இன்றும் வருந்துகிறோம். இன்று சொல்லப்படும் பாடல், எழுதுவாரின்றி அழியுமாயின், அதற்குக் கறையானையோ கடல்கோளையோ காரணம் காட்ட இயலாது.